பதினொன்றாம் இடத்துச் சேறு

துறைமுகத்தில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. சேத்தக்கா என்று கேட்டால் போதும், ஆய்வுக்கூடத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இருபத்தோரு வருடமாகக் கடலடிச் சேற்றை அள்ளி, உலர்த்தி, சலித்து, அதற்குள் என்ன எண்ணெய் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. சகதி அப்பிய பூட்ஸோடு அவள் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்து, துறைமுக வாசல் காவலாளி ஒருவர் கிண்டலாக வைத்த பெயர் அது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டாள். நாளாக ஆகக் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது. இப்போது ஆய்வுக்கூடத்து இயக்குநரே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆய்வுக்கூடத்தில் முதலில் சேர்ந்தது கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலைக்கு. கழுவுகிற வேலை என்றால் கேட்கிறவர்களுக்கு இளப்பம்தான். ஆனால் ஒரு கரண்டிச் சேற்றில் இருக்கும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாத அளவு. குடுவையில் ஒரு விரல் ரேகை மிச்சமிருந்தால் அதைவிட அதிக எண்ணெய் அந்த ரேகையிலேயே இருக்கும். கழுவி, கரைப்பான் ஊற்றி அலசி, உலையில் சுட்டு, அலுமினியத் தாளால் வாய் மூடி வைக்க வேண்டும். அவள் கழுவிய குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கையில் எதுவும் இல்லாதது மாதிரி இருக்கும்.

சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு சங்கடம் வந்தது. சேறே போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பார்த்தாலும் எண்ணெயைக் காட்டுகிற கருவி ஏதோ இருக்கிறது என்று கோடு கிழித்தது. விஞ்ஞானிகள் கருவியைப் பிரித்தார்கள், பூட்டினார்கள், வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவள்தான் தயங்கித் தயங்கிப் போய், போன வாரம் வாங்கிய கழுவும் குப்பிகளின் மூடி புது மாதிரி பிளாஸ்டிக், பழைய குப்பியில் ஊற்றி ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்தார்கள். கோடு காணாமல் போய்விட்டது. அடுத்த மாதமே இயக்குநர் அவளைக் கழுவும் தொட்டியிலிருந்து எடுத்துச் சேற்று மேசையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அந்த மேசை அவளுடையது.

வீட்டுக்காரர் நகரப் பேருந்துப் பணிமனையில் ஃபோர்மேன். நூற்று நாற்பது பேருந்துகள் அவர் கைக்கு வந்து போகும். தன் பணிமனையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். தரையில் திருகாணி ஒன்று கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வருடா வருடம் சுத்தமான பணிமனை என்று கேடயம் வாங்குவார். அந்தக் கேடயங்களை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா என்று மனைவி கேட்டால், அது பணிமனையின் சொத்து என்பார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு. அப்பா கிரீஸ் வாசனையோடும் அம்மா சேற்று வாசனையோடும் வருவதைப் பார்த்து, இந்த வீட்டில் மனித வாசனை அடிக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

அந்த வருடம் உள்துறைமுகத்துத் தண்ணீரில் கறுப்பாக ஏடு கட்டியது. நண்டு எடுத்தால் டீசல் வாடை என்று புகார். நிர்வாகம் ஒரு தனியார் நிறுவனத்தைப் பிடித்து ஆராயச் சொன்னது. அந்த நிறுவனம் நான்கு இடத்தில் சேறு எடுத்து, எண்ணெய் அளவு எக்கச்சக்கம், காரணம் மீன்பிடிப் படகுகள் என்று பளபளப்பான அட்டை போட்டு அறிக்கை கொடுத்துவிட்டது. எண்பத்தாறு படகுகளையும் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு. வெளியே என்றால் திறந்த கடல். காற்று கொஞ்சம் கூடினால் படகோடு படகு மோதிச் சிராய் சிராயாகிவிடும். இரண்டு மாதம் கழித்து விசாரணைக் கூட்டம், அதற்குள் அரசு ஆய்வுக்கூடம் அந்த நான்கு இடத்தையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அறிக்கையைக் கொடுத்தார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்த மனிதர். பொய் சொல்ல மாட்டார். வம்புக்கும் போக மாட்டார். நான்கு இடம், நான்கு நாள் வேலை, முடித்துவிடுங்கள் என்றார். அவள் நின்றபடியே வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"நாலு இடமும் படகுத்துறைப் பக்கத்துலயே இருக்கு சார். படகுகிட்ட மட்டும் தேடினா படகு எண்ணெய்தானே கிடைக்கும்?"

"அவங்க கேட்டது நாலுதாம்மா."

"நாலையும் எடுக்கறேன். கூட இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வரேன். படகு எப்படியும் போகுது, டீசல் செலவு ஒண்ணுதான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார் என்றால் சம்மதம் என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் என்று அவள் சொன்னது, அந்த நான்கையும் சேர்த்து, பதினேழு இடமாக வளர்ந்தது.

ஆய்வுக்கூடத்துப் படகை ஓட்டுகிறவருக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் வந்தது. அவர் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் படகுகளும் அந்த எண்பத்தாறில் அடக்கம். முதல் நாள் புறப்படும்போதே, நல்ல சேறாகப் பார்த்து எடுங்க அக்கா என்று இழுத்தார். சேற்றில் நல்ல சேறு கெட்ட சேறு கிடையாது, இருக்கிற சேறுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் கை காட்டிய இடத்தில் படகை அசையாமல் நிறுத்துவதில் மட்டும் கவனமாக இருந்தார்.

இரும்புத் தாடை மாதிரி இருக்கும் அந்த அள்ளுபொறி. கயிற்றில் இறக்கினால் அடியைத் தொட்டவுடன் வாயை மூடிக்கொண்டு ஒரு கவளம் சேற்றோடு மேலே வரும். வாய் சரியாக மூடாமல் தண்ணீர் ஒழுகினால் அவள் அந்தக் கவளத்தைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்கச் சொல்வாள். மேல்மட்டத்து இரண்டு சென்டிமீட்டர்தான் வேண்டும். அதுதான் அண்மையில் வந்து படிந்த வண்டல். எண்ணெய் தண்ணீரில் நிற்காது. மண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். கடல் மேலே எதை மறைத்தாலும் அடியில் எழுதி வைத்திருக்கும் என்பது அவள் நம்பிக்கை. சுட்டு எடுத்த இரும்புக் கரண்டியால் வழித்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, எண் எழுதி, பனிப்பெட்டியில் அடுக்குவாள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஜாடி. படகின் புகை தன் ஜாடியில் படாமலிருக்கக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். எல்லாம் முடிய மூன்று நாள் ஆனது.

ஆய்வுக்கூடத்தில் வேலை மெதுவாகத்தான் நகரும். சேற்றை உறைய வைத்து ஈரத்தை எடுத்து, அரைத்து, சலித்து, கரைப்பானில் ஒரு பகல் முழுக்கக் கொதித்துக் கொதித்து இறங்க விட வேண்டும். துறைமுகச் சேற்றில் கந்தகம் அதிகம். அதைப் பிடிக்க வடிநீரில் செப்புத் தகடுகளைப் போடுவாள். தங்கமாக மின்னும் தகடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரியாகிவிடும். எடுத்துவிட்டு வேறு தகடு. அதுவும் கறுக்கும். தகடு கறுக்காமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கினால், ஒரு சேற்று ஜாடியின் முழு ரகசியமும் சுண்டுவிரல் நுனியளவு திரவமாகச் சிறு குப்பியில் நிற்கும்.

குப்பியை முகரக் கூடாது என்பது விதி. ஆனால் மூக்கு விதியெல்லாம் பார்ப்பதில்லை. படகுத்துறை மாதிரிகளில் லேசான டீசல் வாடை. எதிர்பார்த்ததுதான். பதினொன்றாம் எண் குப்பியை மூடப் போகும்போது வேறொரு வாடை வந்தது. கருகிய, கனமான, கொஞ்சம் இனிப்புக் கலந்த வாடை. தெரிந்த வாடை. எங்கே என்று யோசித்துக்கொண்டே மூடியைத் திருகினாள். வீட்டுக்குப் போய், வீட்டுக்காரரின் நீலச் சட்டையை வாளியில் முக்கும்போதுதான் பிடிபட்டது. வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். பத்தொன்பது வருடமாக அவள் துவைக்கிற வாடை.

வாடை சாட்சி ஆகாது. கருவி சொல்ல வேண்டும். எண்ணெயின் உடம்பே ஹைட்ரோகார்பன்கள்தான். ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் உடல்வாகு வேறு. டீசலை ஓட்டினால் சீப்புப் பற்கள் மாதிரி ஒரே சீராகக் கோடுகள் நிற்கும். இலை தழை மட்கி வந்தது என்றால் ஒன்று விட்டு ஒன்று உயரமாக நிற்கும். அது இயற்கை, அதற்கு யாரையும் பிடிக்க வேண்டாம். இன்ஜின் ஆயில் என்றால் பல்லே இருக்காது, படத்தின் கடைசிப் பக்கம் யானை முதுகு மாதிரி ஒரு மேடு எழும்பும். படகுத்துறையில் சீப்பும் இருந்தது, சிறு மேடும் இருந்தது. பதினொன்றாம் இடத்தில் சீப்பைக் காணோம். மேடு மட்டும், படகுத்துறையைப் போல ஐந்து மடங்கு. அதைச் சுற்றியிருந்த பத்து, பன்னிரண்டு இடங்களிலும் அதே மேடு, தூரம் போகப் போகச் சரிந்துகொண்டே.

பதினொன்றாம் இடம் மீன் குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. அங்கே படகு எதுவும் நிற்காது. நகரத்து மழைநீர் வடிகால் அங்கேதான் கடலில் விழுகிறது.

இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். படகிலும் இன்ஜின் ஆயில் உண்டே, அலை அங்கே தள்ளியிருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அவள் இரண்டு பதில் வைத்திருந்தாள். ஒன்று, எண்ணெய் பூமிக்கடியில் பிறந்தபோதே கொண்டுவந்த சில மூலக்கூறுகள் எளிதில் அழியாது, மச்சம் மாதிரி கூடவே இருக்கும். படகுக்காரர்கள் ஊற்றுகிற ஆயிலின் மச்சமும் பதினொன்றாம் இடத்து மச்சமும் பொருந்தவில்லை. இரண்டு, அந்தச் சேற்றில் டயர் ரப்பரில் கலக்கிற மருந்தின் தடயம் இருந்தது.

"படகுக்கு டயர் கிடையாது சார். ஓரத்துல முட்டாம இருக்கத் தொங்க விடறாங்க, நிஜந்தான். ஆனா அது ரோட்டுல தேயறது இல்லையே."

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார்.

வடிகால் துறையில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நகரத்துக்கு அடியில் ஓடுகிற குழாய்கள் அத்தனையும் மனப்பாடம். தரைக்கு மேலே இருக்கிற தெருக்கள்தான் அவருக்குக் குழப்பும். அவரையும் அவருடைய இரண்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு அவள் கடலிலிருந்து ஊருக்குள் நடக்க ஆரம்பித்தாள். குழாய் இரண்டாகப் பிரியும் இடமெல்லாம் மூடியைத் திறப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அடிவண்டலை எடுப்பாள். அன்றன்றைக்கே ஒரு அவசரச் சோதனை. எந்தக் கிளையில் மேடு பெரிதோ மறுநாள் அந்தக் கிளை வழியே நடை. சந்தைத் தெருக் கிளை சுத்தம் இல்லைதான், ஆனால் அது காய்கறி அழுகல். மருத்துவமனைக் கிளையில் ஒன்றுமில்லை. பெரிய சாலை நெடுக எல்லா மூடியிலும் கொஞ்சம் ஆயில், கொஞ்சம் டயர். அது ஊர் முழுக்க ஓடுகிற வண்டிகளின் பங்கு. அதையும் தாண்டிக் கறுப்புக் கிளை ஒன்று தனியாகப் போனது.

நான்காம் நாள் காலை பத்து மணி வாக்கில் அந்தக் கிளை ஒரு நீண்ட மதிலின் ஓரமாகத் திரும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏர் பிரேக் சீறும் சத்தம். மேற்பார்வையாளர் மூடியைத் திறக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க எத்தனையோ தடவை முன்வாசலுக்கு வந்திருக்கிறாள். பின்மதிலை அவள் பார்த்ததில்லை. மேலே கூரை விளிம்பில் பணிமனையின் எண் எழுதியிருந்தது.

மேற்பார்வையாளர் மூடியைப் பிடித்தபடி, எடுக்கலாமா என்று கேட்டார். அவள் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, புதுக் கையுறை போட்டுக்கொண்டாள். எடுத்தாள், இரண்டு ஜாடி. மற்ற இடங்களில் எழுதுவதைவிடத் தெளிவாக எண்ணை எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போடச் சொன்னாள்.

அன்றைக்கே இயக்குநரிடம் போய், அந்தப் பணிமனை ஃபோர்மேன் தன் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டாள். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். வேண்டுமானால் வேறு யாரையாவது இதை முடிக்கச் சொல்கிறேன், உங்களை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"பாதியில விட்டா பயந்துட்டேன்னு ஆயிடும் சார். நானே முடிக்கறேன். ஆனா என் கை மட்டும் போதாது. ரெண்டாவது ஜாடிங்களை எல்லாம் வேற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க. வெறும் எண்ணோட, எது எந்த இடம்னு சொல்லாம. அவங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணா இருந்தா அறிக்கை போகட்டும். ஃபோர்மேன் என் வீட்டுக்காரர்ங்கறதையும் அறிக்கையில எழுதிடுங்க."

அடுத்த பதினாறு நாள் வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை. தலைவலி என்றாள், பல்வலி என்றாள். வீட்டுக்காரர் பல் டாக்டரிடம் நேரம்கூட வாங்கிவிட்டார். கடைசியில் வெளி ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது. எண்ணுக்கு எண் பொருந்தியது. அறிக்கை வெளியே போவதற்கு முன்பு வீட்டில் சொல்லிக்கொள்ள இயக்குநரிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் அடுக்களை மேசையில் படங்களைப் பரப்பினாள்.

அவர் முழுவதையும் கேட்டார். படத்தைத் தொடவில்லை.

"என் டெப்போவுல வடிக்கற ஆயில் ஒரு சொட்டு கீழ போகாது. பீப்பாய் பீப்பாயா பிடிச்சு, சீல் வெச்சு, எடுத்துட்டுப் போறவன்கிட்ட கையெழுத்து வாங்கறேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"அப்புறம்?"

"தெரிஞ்சதால சேறு மாறிடாதுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் அவளிடம் பேச்சில்லை. மகள் நடுவில் நின்று, அப்பா உப்புக் கேக்கறார், அம்மா தண்ணி வேணுமாங்கறாங்க என்று தபால்காரி வேலை பார்த்தாள். அந்த இரண்டு நாளில் அவர் பணிமனையில் என்ன செய்தார் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பீப்பாய்ப் பதிவேட்டை எட்டு வருடத்துக்குப் புரட்டினார். சரியாக இருந்தது. பேருந்துக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளங்களில் இறங்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு, பேருந்துகளைக் கழுவுகிற மேடையில் போய் நின்று, இன்ஜின் அடிப்பாகத்தைப் பீச்சிக் கழுவும்போது கறுப்பாக ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்க, அடித்தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும். ஆனால் மேடைகள் இரண்டு. ஒன்று பழையது. மற்றது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நீளமான பேருந்துகள் வந்தபோது கட்டியது.

மூன்றாம் நாள் காலை, காலணி மாட்டிக்கொண்டே குனிந்த தலையோடு கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல தண்ணி போற வழி பார்க்கற சாயம் இருக்குமில்ல? கொஞ்சம் கிடைக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. பேருந்துகள் குறைவு. இயக்குநரின் அனுமதிச் சீட்டோடு அவள் பச்சைச் சாயப் பொடியை எடுத்துவந்தாள். நங்கூரம் வடிகால் வாயில் படகை நிறுத்தியிருந்தார். ஃபோர்மேன் முதலில் பழைய மேடையின் சல்லடைக் குழியில் சாயத்தைக் கரைத்து ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி பச்சையானது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு புது மேடை. ஊற்றினார். தொட்டியைப் பார்த்தார்கள். புதுப் பச்சை எதுவும் வந்து சேரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் ஓடிப்போய்ப் பின்மதிலுக்கு வெளியே இருக்கிற மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார். அடியில் பளிச்சென்று பச்சை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனபின் நங்கூரத்தின் தொலைபேசி வந்தது.

"அக்கா, கிளிப் பச்சையா வருது. மீன்லாம் பயந்துடப் போகுது."

ஃபோர்மேன் மூடியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த மேடை வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டு வாங்கியவரே அவர்தான். கட்டியவன் தொட்டிவரைக்கும் குழாய் இழுக்கச் சோம்பி, பக்கத்தில் போன மழைநீர்க் குழாயில் சொருகிவிட்டான். இவர் பார்க்க வந்தபோது மேலே கான்கிரீட் போட்டாயிற்று. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பன்னிரண்டு வருடம், நாளுக்கு முப்பது பேருந்து.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேற்றினாலும் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை அவர். பிறகு அவரே கேட்டார், பதினொன்றாம் நம்பர் படம் எங்கே என்று. அன்றைக்குத்தான் அதைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தார். மேட்டின் மேல் விரலை ஓட்டி, இவ்வளவு சின்னதை எப்படிப் பிடிச்சே என்றார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதை, இருபத்தோரு வருடத்தில் எந்த அதிகாரியும் அவளுக்குக் கொடுக்காதது.

பணிமனை மேலாளர் விஷயத்தைச் சத்தமில்லாமல் முடிக்கப் பார்த்தார். குழாயை மாற்றிவிடலாம், கூட்டத்தில் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் எண்பத்தாறு படகு வெளியே போகும் சார் என்று ஃபோர்மேன் பதில் சொல்லிவிட்டு, விசாரணைக் கூட்டத்துக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

கூட்டத்தில் அறிக்கையை இயக்குநர் வாசித்தார். கேள்வி வந்தால் மட்டும் நீங்கள் என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். வாசித்து முடித்ததும் தனியார் நிறுவனத்துக்காரர் எழுந்து, ஒரு தொழில்நுட்ப உதவியாளர் தன் குடும்பம் சம்பந்தப்பட்ட இடத்தில் எடுத்த மாதிரியை எப்படி நம்புவது என்று கேட்டார். அவள் பதில் சொல்ல எழுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் நீலச் சட்டையில்தான் வந்திருந்தார்.

"நான்தான் அந்த ஃபோர்மேன். இவங்க என் சம்சாரம். இவங்க சேத்துல பார்த்ததை நான் குழாய்ல பார்த்துட்டேன், சாயம் ஊத்தி. பார்க்காம கையெழுத்துப் போட்டவன் நான். என்னைக் காப்பாத்தணும்னு நினைச்சிருந்தா இவங்க அந்த மூடியைத் திறக்காமலே திரும்பி வந்திருக்கலாம்."

இந்த மனிதரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன் என்று எல்லோரையும் பார்த்துச் சொல்ல வேண்டும் போல அவளுக்கு இருந்தது. சொல்லவில்லை. கையிலிருந்த தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு, வெளி ஆய்வுக்கூடத்து எண்களையும் தன் எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் குழுவிடம் நீட்டினாள்.

படகுக்காரர்கள் சங்கத் தலைவர் எழுந்து கைதட்டப் போனார். அவரை அவள் உட்காரச் சொன்னாள். படகுத்துறைச் சேற்றில் இருக்கும் டீசல் சீப்பு படகுகளுடையதுதான், படகடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை வாளியால் மொண்டு கடலில் ஊற்றுவது நிற்க வேண்டும், அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் அதுவும் இருக்கிறது என்றாள். தலைவர் முகம் சுருங்கியது. நங்கூரம் பின்னால் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

படகுகள் இடம் மாறவில்லை. படகுத்துறையில் பழைய ஆயில் ஊற்ற இரண்டு பீப்பாய்கள் வந்தன. பணிமனையில் மூன்று மாதத்துக்குள் கான்கிரீட்டை உடைத்துக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினார்கள். உடைக்கிற நாள் முழுக்க ஃபோர்மேன் வெயிலில் நின்றார். இணைப்பைத் தன் கையால் தொட்டுப் பார்த்தபின்தான் மூட விட்டார். அவருக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வருடம் கேடயம் வேறு பணிமனைக்குப் போனது. நியாயந்தானே என்றார்.

இரண்டு வருடம் கழித்துச் சேத்தக்கா மறுபடியும் பதினேழு இடத்திலும் அள்ளுபொறியை இறக்கினாள். பழைய எண்ணெய் அடியில் அப்படியேதான் கிடக்கிறது. அது போக எத்தனையோ வருடம் ஆகும், அவள் அதை ஒளிக்கவில்லை. ஆனால் மேலே புதிதாக வந்து படிந்த மெல்லிய படலத்தைத் தனியாக வழித்து ஓட்டியபோது, பதினொன்றாம் இடத்து மேடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த முடிவு ஒரு ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. எழுதியவர்கள் வரிசையில் இயக்குநர் பெயரை அடுத்து அவள் பெயர், முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். அதைப் படித்துவிட்டு வேறொரு துறைமுகத்திலிருந்து, தங்கள் சேற்றையும் வந்து பார்க்க முடியுமா என்று அவள் பெயருக்கே கடிதம் வந்தது. போக்குவரத்தும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு.

ஓய்வு பெறப் போகிற இயக்குநர், எத்தனை இடத்தில் எடுப்பதாக உத்தேசம் என்று கேட்டார். அவர்கள் ஆறு இடம் கேட்டிருந்தார்கள். அந்த ஊர் வரைபடத்தை அவள் ஏற்கெனவே மேசையில் விரித்து, வடிகால்கள் கடலில் விழும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள். இருபத்துமூன்று, சார் என்றாள்.